பாயில் கிடக்கும் அறுபது சேலை: வேகமா மடிக்கிறதா, சரியா வைக்கிறதா?

முகூர்த்த சீசன்ல காஞ்சிபுரம் காந்தி ரோட்டுல ஏதாவது ஒரு பட்டுக்கடைக்குள்ள எட்டிப் பாருங்க. ஒரு கல்யாணக் குடும்பம்னா ஏழெட்டுப் பேர் வருவாங்க. கூறைப்புடவை ஒண்ணு, ரிசப்ஷனுக்கு ஒண்ணு, சம்பந்தி அம்மாவுக்கு ஒண்ணு, அத்தைக்கு ஒண்ணுன்னு நாலைந்து சேலை எடுக்க ஐம்பது, அறுபது சேலையை விரிச்சுப் பார்ப்பாங்க. அவங்க எழுந்து பில் போடப் போனதும் பாய் மேல ஒரு சின்ன மலை கிடக்கும். அதுக்குள்ள அடுத்த குடும்பம் வந்து உட்கார்ந்தாச்சு.

அந்த மலை திரும்ப அலமாரிக்குப் போகணும். நாம கடைக்குப் போனா கவனிக்கவே கவனிக்காத வேலை இது. ஆனா நம்ம டிபார்ட்மென்ட்ல இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பேப்பர் எழுதினவங்களுக்கு இதுல ஒரு நல்ல கணக்கு இருக்கு. வேகமா அள்ளி வைக்கணுமா, நிதானமா ஒவ்வொண்ணா வைக்கணுமா? "ரெண்டும் வேணும்"னு முதலாளி சொல்வார். அது பதில் இல்ல. எந்த இடத்துல வேகம், எந்த இடத்துல நிதானம்னு பிரிச்சுச் சொன்னாத்தான் பதில்.

முதல்ல வேலை என்னன்னு பார்ப்போம். பட்டுச்சேலை அஞ்சரை மீட்டர் நீளம், ஜாக்கெட் துணியும் சேர்ந்தா ஆறு மீட்டரைத் தாண்டும். ஜரிகை கனமா இருந்தா ஒரு சேலையே முக்கால் கிலோ, சிலது அதுக்கும் மேல. இதைத் திரும்ப வைக்கிறதுல நாலு வேலை அடங்கியிருக்கு. பழைய மடிப்புக்கோட்டைப் பிடிச்சு, முந்தியும் கரையும் வெளியே தெரியிற மாதிரி மடிக்கணும். அந்தச் சேலையோட விலைச்சீட்டு அந்தச் சேலையிலேயே இருக்கான்னு பார்க்கணும். கவர்ல போடணும். எந்த அலமாரி, எந்த தட்டுல இருந்து எடுத்தாங்களோ அங்கேயே கொண்டுபோய் வைக்கணும். அனுபவம் உள்ள கைக்கு மடிப்பு தானா வந்துடும். பேசிக்கிட்டே மடிப்பாங்க, பக்கத்துல என்ன நடக்குதுன்னு பார்த்துக்கிட்டே மடிப்பாங்க. சிக்கல் மத்த ரெண்டுல: சீட்டு, தட்டு.

சூப்பர் மார்க்கெட்ல அடுக்குறதும் இதுவும் ஒண்ணுதானேன்னு தோணலாம். அங்கே ஒரு குளியல் சோப்பு தவறான ரேக்குக்குப் போனா என்ன ஆகும்? அதே சோப்பு இன்னும் இருபது சரியான ரேக்குல இருக்கும். வாங்க வர்றவருக்கு நஷ்டமே தெரியாது. காஞ்சிபுரம் கைத்தறிச் சேலை அப்படி இல்ல. ஒரே டிசைன்ல அதிகமா போனா சில சேலைதான் இருக்கும்; அதுலயும் கலர் மாறும். பல சேலைக்குக் கடையில இரட்டைப் பிறவியே கிடையாது. அது தட்டு மாறிப் போச்சுன்னா, கடைக்குள்ளேயே இருந்தும் இல்லாத சேலை ஆயிடும். கம்ப்யூட்டர் ஸ்டாக்ல இருக்குன்னு காட்டும், கைக்குக் கிடைக்காது. வந்தவங்க எழுந்து எதிர்க்கடைக்குப் போயிடுவாங்க.

ஸ்டாக் கணக்கும் அலமாரியும் ஒத்துப்போகாம இருக்கிறது நம்ம ஊர்க் கடைகளோட குறை மட்டும் இல்ல. அமெரிக்காவுல நிக்கோல் டிஹோரேஷியஸ், அனந்த் ராமன் ரெண்டு பேரும் ஒரு பெரிய சில்லறை நிறுவனத்தோட 37 கடைகள்ல கிட்டத்தட்ட 3,70,000 ஸ்டாக் பதிவுகளைச் சரிபார்த்து 2008ல ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. அதுல 65 சதவீதப் பதிவுகள் கடையில உண்மையா இருந்த எண்ணிக்கையோட ஒத்துப்போகல. பார்கோடு, கம்ப்யூட்டர் எல்லாம் வச்சிருந்த கடைகள்தான் அவை.

தெரியிற பிழை, ஒளிஞ்சிருக்கிற பிழை

சி புரோகிராம் எழுதுறப்ப செமிகோலன் விட்டுட்டா கம்பைலர் உடனே கத்தும். அது நல்ல பிழை. அரே இண்டெக்ஸ் ஒண்ணு தள்ளிப் போனா, புரோகிராம் ஓடும், அவுட்புட்டும் வரும், ஆனா தப்பா வரும். வைவா அன்னைக்குத்தான் தெரியும்.

சேலைக் கடையிலயும் இதே ரெண்டு ஜாதிப் பிழை இருக்கு. மடிப்பு கோணலா இருந்தா, முந்தி உள்ளே போயிட்டா, அலமாரியில பார்த்தவுடனே தெரியும். போற வர்ற யாராவது ஒருத்தர் எடுத்துச் சரி பண்ணிடுவாங்க. அதனால வர்ற நஷ்டம் ஒரு நிமிஷம். ஆனா 18,000 ரூபாய்ச் சேலையோட சீட்டு 12,000 ரூபாய்ச் சேலையில ஏறிட்டா பார்வைக்கு எதுவுமே தெரியாது. சேலை அழகா மடிஞ்சு, கவர்ல பளபளன்னு உட்கார்ந்திருக்கும்.

பட்டுல இது இன்னும் மோசம். அசல் ஜரிகைன்னா பட்டு நூல் மேல வெள்ளி சுத்தி, தங்க முலாம் பூசினது. விலை குறைஞ்ச ஜரிகையில வெள்ளிக்குப் பதில் செம்பும் மத்ததும் இருக்கும். ரெண்டையும் தூரத்துல இருந்து பார்த்தா ஒரே மினுமினுப்பு. உறுதியா சொல்லணும்னா எக்ஸ்ஆர்எஃப் மாதிரி கருவியில வச்சுப் பார்க்கணும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005ல புவிசார் குறியீடு கிடைச்சது. மத்திய பட்டு வாரியத்தோட சில்க் மார்க் 2004ல வந்தது. இந்த அடையாளம் எல்லாம் வாங்குறவர் கைக்கு எப்படிப் போகுது? சேலையில தொங்குற ஒரு சின்ன சீட்டு மூலமாத்தான். சீட்டு மாறினா குறைஞ்ச ஜரிகைக்கு ஒருத்தர் அசல் ஜரிகை விலை கொடுத்துட்டுப் போவார். பத்து வருஷம் கழிச்சுப் பழைய ஜரிகையைக் கொடுக்கப் போறப்பதான் விஷயம் தெரியும். கடைக்காரர் ஏமாத்தலைன்னு அப்போ யார் நம்புவா?

ஆக, எல்லாப் பிழைக்கும் ஒரே விலை இல்ல. கண்ணுக்குத் தெரியிற பிழை மலிவு, ஒளிஞ்சிருக்கிற பிழை கிராக்கி. நிதானத்தை எங்க செலவு பண்ணணும்னு இதுலயே பாதி பதில் வந்துடுது.

மீதிப் பாதியைச் சொன்னவர் 1899லயே இருக்கார். ராபர்ட் உட்வொர்த்னு ஒரு அமெரிக்க உளவியலாளர். பென்சிலால கோடு போட வச்சு, மெட்ரோனோம் தாளத்துக்கு வேகத்தைக் கூட்டிக் குறைச்சு, கோட்டோட நீளத்துல எவ்வளவு பிழை வருதுன்னு அளந்தார். கண் திறந்திருந்தப்ப வேகம் கூடக்கூடப் பிழை கூடிச்சு. இது நாம எதிர்பார்த்ததுதான். ஆனா கண்ணை மூடிக்கிட்டுப் போட்டப்ப, மெதுவா போட்டாலும் வேகமா போட்டாலும் பிழை ஏறக்குறைய ஒரே அளவுதான். அதாவது மெதுவா செய்யிறதால மட்டும் துல்லியம் வராது. மெதுவா செய்யிறப்ப கண்ணுக்குப் பார்த்துத் திருத்திக்க நேரம் கிடைக்குது, அதனாலதான் வருது.

இதைக் கடைக்குக் கொண்டு வாங்க. "மெதுவா, கவனமா வைங்கப்பா"ன்னு சூப்பர்வைசர் சத்தம் போடுறார். பையன் மெதுவா மடிக்கிறான், மெதுவா நடக்கிறான், மெதுவா வைக்கிறான். சீட்டைப் பார்க்கவே இல்லைன்னா அந்த நிதானம் முழுக்க வீண்.

ஒரு சின்னக் கணக்கு

எண்கள் எல்லாம் நான் கணக்குக்காக வச்சுக்கிட்டவை, எந்தக் கடையில எடுத்ததும் இல்ல. உங்க கடைக்கு உங்க எண்ணைப் போட்டுப் பாருங்க.

ஒரு நாளைக்கு 400 சேலை விரிக்கிறாங்கன்னு வச்சுக்குவோம். வேகமா வச்சா சேலைக்கு 60 விநாடி. நூத்துக்கு 2 தப்பான இடத்துக்குப் போகுது. நிதானமா வச்சா 90 விநாடி. இருநூத்துக்கு 1தான் தப்பு. தப்பிப் போன ஒரு சேலையைத் தேட 15 நிமிஷம்.

வேகமா வச்சா நாளைக்கு 8 சேலை தப்பும், தேட 120 நிமிஷம். நிதானமா வச்சா 2 சேலை, 30 நிமிஷம். மிச்சம் 90 நிமிஷம். ஆனா அந்த மிச்சத்துக்குக் கொடுத்த விலை 400 முறை 30 விநாடி, அதாவது 200 நிமிஷம்! நேரக் கணக்கு மட்டும் பார்த்தா, கண்ணை மூடிக்கிட்டு வேகம்தான் ஜெயிக்குது. "சீக்கிரம், சீக்கிரம்"னு விரட்டுற முதலாளி முட்டாள் இல்லைன்னு இதுல தெரியுது.

இப்போ அந்த 30 விநாடியை உடைச்சுப் பாருங்க. அதுல 20 விநாடி மடிப்பை நீவி விடவும், கரையை நேர் பண்ணவும், கவரைத் தட்டிச் சரி பண்ணவும் போகுதுன்னு வைங்க. மீதி 10 விநாடிதான் சீட்டைப் படிச்சு, தட்டு எண்ணோட ஒத்துப் பார்க்கிறது. தட்டு மாறுறதைத் தடுக்கிறது இந்தப் பத்து விநாடி மட்டும்தான். அப்போ மடிப்புல வேகத்தை அப்படியே விட்டுட்டு, இந்தப் பத்தை மட்டும் சேர்த்துக்கிட்டா? 400 முறை 10 விநாடி, சுமார் 67 நிமிஷம் செலவு. மிச்சம் அதே 90 நிமிஷம். 23 நிமிஷம் லாபம். போதாததுக்கு, தேடுற 15 நிமிஷமும் எதிர்ல ஒரு குடும்பம் காபி ஆறிப்போக உட்கார்ந்திருக்கிற நேரம். அதோட மதிப்பை இந்தக் கணக்குல நான் சேர்க்கவே இல்ல.

வேகமும் துல்லியமும் ஒரே தராசோட ரெண்டு தட்டுன்னு நினைச்சதாலதான் முதல் கணக்குல நிதானம் தோத்துச்சு. வேலையைத் துண்டு துண்டா பிரிச்சதும் ஒரு துண்டுல வேகம், இன்னொண்ணுல நிதானம்னு ரெண்டையும் வச்சுக்க முடிஞ்சது.

கூட்டம் நெரியிற நேரத்துல வரிசையையும் மாத்திக்கலாம். நடைமுறையில மடிச்சுட்டுக் கடைசியாத்தான் சீட்டைப் பார்ப்பாங்க, இல்ல பார்க்காமலேயே விட்டுடுவாங்க. அதைத் தலைகீழாக்கணும். வாடிக்கையாளர் எழுந்ததும் முதல் வேலை சீட்டு. சேலை மலையில கலந்து, கை மாறிப் போறதுக்கு முன்னாடியே அதோட சீட்டு அதுலதான் இருக்கான்னு பார்த்துடணும். அப்புறம் ஒரு அரை மடிப்பு. அப்புறம் விலை வாரியா அஞ்சாறு குவியல். ராத்திரிக்குள்ள, இல்ல மத்தியானம் சாப்பாட்டு வேளையில கூட்டம் ஓய்ஞ்சதும் முழு மடிப்பு.

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப்ல பக்கெட் சார்ட் போட்டிருப்பீங்களே, அதேதான் இது. அறுபது சேலையை ஒவ்வொண்ணா அலமாரிக்குக் கொண்டுபோனா அறுபது நடை. ஆறு குவியலாப் பிரிச்சுட்டுக் குவியல் குவியலா கொண்டுபோனா ஆறு நடை, சேலை கனத்தா பன்னிரண்டு. ஒரே விலைத் தட்டுக்கு முன்னாடி நின்னுக்கிட்டுப் பத்துச் சேலையை வைக்கிறப்ப, பதினோராவதா ஒரு தப்பான சீட்டு வந்தா கண்ணுல குத்தும். நடை குறையிற அதே முறையில பிழையும் குறையுது.

குவியலுக்கு ஏன் விலை, ஏன் கலர் இல்ல? கலர்தானே எல்லாரும் கேக்குறாங்க? நியாயம்தான். ஆனா மயில்கழுத்து நிறம் பச்சைத் தட்டா, நீலத் தட்டா? பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமா நெய்த சேலை, பிடிக்கிற கோணத்துக்கு ஒரு கலர் காட்டும். ட்யூப்லைட்ல ஒண்ணு, வாசல் வெளிச்சத்துல இன்னொண்ணு. நம்ம அம்மாக்கள் சேலையைத் தூக்கிக்கிட்டு வாசலுக்குப் போறது சும்மாவா? அரக்குக்கும் மெரூனுக்கும் நடுவுல எங்கே கோடு போடுறதுன்னு ரெண்டு சேல்ஸ்மேன் ஒத்துப்போக மாட்டாங்க. வச்சவர் ஒரு மாதிரி நினைச்சு வைக்க, தேடுறவர் இன்னொரு மாதிரி நினைச்சுத் தேடினா, ரெண்டு பேருமே சரியா செஞ்சும் சேலை கிடைக்காது. 14,500 ரூபாய் எந்தத் தட்டுன்னு யாரும் சண்டை போட முடியாது. அதனால முதல் சாவி விலை. ஒரு விலைத் தட்டுக்குள்ள, இருபது முப்பது சேலைக்குள்ள, கலர் ரெண்டாவது சாவி. அந்தச் சின்னக் கூட்டத்துல மயில்கழுத்து எங்கே போனாலும் கண்ணு கண்டுபிடிச்சுடும்.

இனி இதுக்கு எதிரான ஒரு வாதம். "எடுத்த இடத்துலயே எதுக்கு வைக்கணும்? கைக்கு எட்டுற முன் தட்டுலயே வச்சா அடுத்த முறை சீக்கிரம் எடுக்கலாமே?" அல்காரிதம் படிச்சவங்க இதை லேசுல ஒதுக்க மாட்டாங்க. டேனியல் ஸ்லீட்டரும் ராபர்ட் டார்ஜனும் 1985ல நிரூபிச்ச விஷயம் இது. ஒரு பட்டியல்ல கடைசியா எடுத்ததை எப்பவும் முன்னாடி வச்சுக்கிட்டே வந்தா, எதிர்காலத்துல யார் எதைக் கேப்பாங்கன்னு முன்கூட்டியே தெரிஞ்ச முறையோட ஒப்பிட்டாலும் செலவு ஏறக்குறைய ரெண்டு மடங்கைத் தாண்டாது. ஜோசியம் தெரியாம இவ்வளவு நல்லா செய்ய முடியும்னா பெரிய விஷயம்தான். பழைய சேல்ஸ்மேன்கள் பலர் இந்தத் தேற்றம் தெரியாமலேயே அதைத்தான் செய்யிறாங்க. அந்த வாரம் ஓடுற டிசைன் முழங்கை தூரத்துலயே இருக்கும்.

ஆனா பட்டியல்ல இருக்கிற எண்ணுக்கு முதுகு வலிக்காது. அடித்தட்டுல மாசக்கணக்கா யாரும் தொடாத சேலைக்கு வலிக்கும். ஜரிகை உலோகம். ஒரே மடிப்புல, மேல இருபது சேலை பாரத்தோட கிடந்தா மடிப்புக்கோட்டுல ஜரிகை உடையும், பட்டு இழையும் அங்கேதான் முதல்ல விட்டுப்போகும். வீட்டுல பட்டுப்புடவையைச் சில மாசத்துக்கு ஒருமுறை பிரிச்சு மடிப்பை மாத்தி வைக்கச் சொல்றது இதுக்காகத்தான். ஓடுற சேலை முன்னாடியே வந்துக்கிட்டிருந்தா, ஓடாத சேலை பின்னாடியே தங்கிடும். யாரும் பார்க்காததால விற்கல, விற்காததால மடிப்பு பழுத்துப்போகுது, மடிப்பு பழுத்ததால இனிமேலும் விற்காது. தறியில பல நாள் உழைப்பு அது. எனக்குப் பட்டதைச் சொல்றேன்: முன் தட்டு ஒண்ணே ஒண்ணை மட்டும் இந்த முறைக்கு விட்டுட்டு, மத்த எல்லாத்துக்கும் நிலையான இடம் வைக்கணும். வாரத்துக்கு ஒரு அலமாரின்னு முறை போட்டு, ஆடி மாதிரி முகூர்த்தம் இல்லாத நாள்ல அடித்தட்டு வரைக்கும் பிரிச்சு மடிக்கணும். இந்த வேலையில வேகத்துக்கு இடமே இல்ல.

ஆர்.எஃப்.ஐ.டி. டேக் போட்டா எல்லாம் தீர்ந்துடுமேன்னு ஈ.சி.ஈ. நண்பர்கள் கேப்பாங்க. பாதி தீரும். ஜாரா கடைகளை நடத்துற இன்டிடெக்ஸ் 2014லயே பெரிய அளவுல அதைக் கொண்டு வந்தாச்சு. ஆனா ஜரிகை உலோகம்னு இப்போதானே சொன்னேன்? உலோகம் ரேடியோ அலையோட விளையாடும். டேக்கைச் சேலையோட ஒட்டாம வெளியே தொங்க விடணும், அடுக்குக்கு நடுவுல இருக்கிற டேக் படிக்குமான்னு சோதிச்சுப் பார்க்கணும். அதோட, சீட்டே மாறிப் போயிருந்தா ரீடர் மாறிப்போன சீட்டைத்தான் சரியா கண்டுபிடிச்சுக் கொடுக்கும்.

கடைசியா, கை வேலை செய்யிறதுக்குக் கால் தாங்கணும். முன்னால சொன்ன பத்து விநாடிப் பார்வை காலையில பத்து மணிக்குச் சுலபம். ராத்திரி எட்டு மணிக்கு, நானூறாவது சேலையில, கண்ணு சீட்டு மேல இருக்கும், மனசு பஸ் ஸ்டாண்டுல இருக்கும். உட்வொர்த் சொன்ன கண்ணை மூடின நிலைக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. பாய் போட்டு உட்கார்ந்து காட்டுற கடையில இது கொஞ்சம் பரவாயில்ல. மாடி மாடியா நின்னுக்கிட்டே விற்கிற ஜவுளிக்கடைகள்ல நாள் முழுக்க நிக்கணும். 'அங்காடித் தெரு' படம் 2010ல வந்தப்ப பலருக்கு இது முதல் முறையா கண்ணுல பட்டது. 2018ல கேரளாவும், 2021 செப்டம்பர்ல தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்யிறவங்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம்னு கொண்டு வந்தது. அதை இரக்கத்துக்கான சட்டம்னு மட்டும் பார்க்க வேண்டியதில்ல. சீட்டு மாறாம இருக்கணும்னு நினைக்கிற முதலாளி, சட்டம் இல்லாமலேயே நாற்காலி வாங்கிப் போடலாம்.

மினி புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஒரு நோட்டுல ரெண்டே காலம் போதும்: வாடிக்கையாளர் ஒரு குறிப்பிட்ட சேலையைக் கேட்ட நேரம், அது பாய்க்கு வந்து சேர்ந்த நேரம். ஒரு வாரம் இதைக் குறிச்சுட்டு, அடுத்த வாரம் சீட்டை முதல்ல பார்க்கிற முறைக்கு மாத்திட்டுத் திரும்பக் குறிச்சா, மேலே நான் கற்பனையா போட்ட எண்களுக்குப் பதிலா உண்மையான எண் கிடைக்கும். அனுமதி கேக்கிறதை ஆடி முடியிறதுக்குள்ள கேட்டுடுங்க. ஆவணி பிறந்து முகூர்த்தக் கூட்டம் வந்துட்டா, கடைக்காரங்களுக்கு நம்மகூட நின்னு பேச நேரம் இருக்காது.